ஐபேட் ஃபோலியோ கவர்: முதலில் மூலையைப் பாருங்கள்

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன். கும்பகோணத்திலிருந்து தஞ்சாவூருக்குத் தினமும் பஸ்ஸில் கல்லூரி போய்வரும் மகளுக்கு 10ஆம் தலைமுறை ஐபேட் வாங்கிக் கொடுத்திருக்கிறீர்கள். புத்தகம் போல மூடி வைக்கும் ஃபோலியோ கவர் 500 ரூபாய்க்கும் கிடைக்கிறது, 7,000 ரூபாய்க்கு மேலும் கிடைக்கிறது. விலை கூடியதுதான் பாதுகாப்பா, 'மிலிட்டரி கிரேடு' என்று அட்டையில் போட்டிருப்பதை நம்பலாமா, தோல் கவர் நல்லதா என்று கேட்டிருக்கிறீர்கள். படிப்பு முடிகிற வரை அந்த ஐபேட் உடையாமல் இருக்க எவ்வளவு செலவழித்தால் போதும் என்பதுதான் உங்கள் உண்மையான கவலை என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பதில் இருக்கிறது, அது 7,000 ரூபாய் இல்லை.

டேப்லெட், போன் சர்வீஸ் என் தொழில். உடைந்த டேப்லெட் மேசைக்கு வந்ததும் நான் முதலில் தடவிப் பார்ப்பது நான்கு மூலைகளைத்தான். பெரும்பாலும் விரிசல்கள் ஏதாவது ஒரு மூலையில் தொடங்கி எதிர்ப்பக்கம் வரை ஓடியிருக்கும். அந்த மூலையில் அலுமினியம் நசுங்கி, உள்பக்கமாகச் சின்னதாக மடங்கியிருக்கும். கை தவறிய டேப்லெட் தட்டையாகத் தரையில் விழுவது அபூர்வம். ஒரு மூலைதான் முதலில் இடிக்கும். உங்கள் மாடலின் எடை 477 கிராம். கிட்டத்தட்ட அரைக் கிலோவும் அந்த ஒரு புள்ளியில் இறங்குகிறது. அலுமினியம் வளைந்து கொடுத்து உள்ளே தள்ளுகிறது, அதை ஒட்டியே இருக்கும் கண்ணாடியின் ஓரத்தில் அடி விழுகிறது. கண்ணாடி நடுவில் ஓரளவு அடி தாங்கும், ஓரத்தில் தாங்காது. கவரை மதிப்பிடும்போது இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டால் கடையில் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கடையில் எல்லோரும் திறந்து மூடிப் பார்ப்பது முன் மூடியை. நிறம், துணி, தையல், மூடினால் திரை தானாக அணைகிறதா என்று பார்ப்பார்கள். அந்த மூடி திரையைக் கீறலிலிருந்து காப்பாற்றும், மடித்தால் ஸ்டாண்டாக நிற்கும். கீழே விழும்போது அதனால் பெரிய உபகாரம் இல்லை. ஆப்பிள் விற்கும் ஸ்மார்ட் ஃபோலியோவையே எடுத்துக்கொள்ளுங்கள். 2011இல் ஐபேட் 2 உடன் வந்த ஸ்மார்ட் கவர் முன்பக்கத்தை மட்டும் மூடியது. 2018இல் ஐபேட் ப்ரோவுக்கு வந்த ஸ்மார்ட் ஃபோலியோ முன்னும் பின்னும் மூடுகிறது, காந்தத்தால் ஒட்டிக்கொள்கிறது. மெலிசாக, அழகாக இருக்கும், கழற்றி மாட்டுவதும் சுலபம். ஆனால் நான்கு ஓரங்களும் நான்கு மூலைகளும் வெறும் உலோகமாக வெளியே தெரியும். வீட்டு மேசையை விட்டு நகராத ஐபேடுக்கு அது அருமையான கவர். தினமும் பஸ்ஸில் போகும் ஐபேடுக்கு அதை வாங்காதீர்கள் என்று திட்டவட்டமாகச் சொல்வேன். நீங்கள் பார்த்த 7,000 ரூபாய்க் கவர் இந்த வகையாக இருந்தால், அந்தப் பணம் தரத்துக்கும் பெயருக்கும் போகிறது, மூலைக்குப் போகவில்லை.

உங்களுக்குத் தேவை, ஐபேடை முழுதாகப் பிடித்துக்கொள்ளும் மெத்தென்ற சட்டம் உள்ள ஃபோலியோ. அந்தச் சட்டம் டி.பி.யூ. என்று கடைக்காரர்கள் சொல்லும் பொருளில் இருக்க வேண்டும். ரப்பர் போல வளையும், பிளாஸ்டிக் போல உழைக்கும். மலிவான பல கவர்களில் இந்த இடத்தில் பாலிகார்பனேட் என்ற கெட்டிப் பிளாஸ்டிக் ஓடு இருக்கும். கையில் பிடித்தால் உறுதியாகத் தெரியும், அதனால் அதுதான் பாதுகாப்பு என்று தோன்றும். கெட்டி ஓடு அடியை உறிஞ்சாது, அப்படியே உள்ளே கடத்தும். அதுவும் இரண்டு மூன்று தடவை கழற்றி மாட்டினாலே மூலையில் கீறல் விட்டுவிடும். பின்பக்கம் கெட்டியாக இருப்பது நல்லது, ஏன் என்று பிறகு சொல்கிறேன். ஓரமும் மூலையும் மட்டும் கட்டாயம் மெத்தென்று இருக்க வேண்டும்.

கடையில் நின்றே செய்து பார்க்கக்கூடிய சோதனைகள் இருக்கின்றன. கவரின் மூலையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். கொஞ்சம் அமுங்கி, விட்டதும் பழைய நிலைக்கு வர வேண்டும். நல்ல கவர்களில் மூலைக்குள் வெற்றிடம் விட்டிருப்பார்கள், விழும்போது அது அமுங்குகிற நேரத்தில் வேகம் குறைந்துவிடும். அடுத்தது, திரையைச் சுற்றி உயர்ந்து நிற்கும் வரப்பு. ஐபேடைக் கவருக்குள் போட்டு, மூடியை முழுதாகப் பின்னால் திருப்பி, திரை மேலே இருக்கும்படி சமமான மேசையில் வையுங்கள். வரப்பை ஒட்டித் திரை மேல் ஓர் ஏ.டி.எம். கார்டை வைத்தால், கார்டு வரப்பைவிட உயர்ந்து நிற்கக் கூடாது. கார்டின் தடிமன் சுமார் 0.76 மி.மீ. அதைவிடக் குறைந்த வரப்பு இருந்து என்ன பயன்? டெம்பர் கிளாஸ் ஒட்டினால் அதுவே 0.3 மி.மீ. சாப்பிட்டுவிடும், அதனால் ஒட்டிய பிறகு பாருங்கள். கடைசியாக, மூடியை மூடி, மெத்தென்ற ஏதாவது ஒன்றுக்கு மேலே பிடித்துத் தலைகீழாக லேசாகக் குலுக்குங்கள். மூடி திறக்கக் கூடாது. பைக்குள் மூடி திறந்து திறந்து மூடினால் ஒவ்வொரு தடவையும் திரை விழிக்கும், பேட்டரி வீணாகும், மூடிக்குள் புகுந்த சாவி கண்ணாடியில் கோடு போடும்.

'மிலிட்டரி கிரேடு' விஷயத்தில் எது உறுதி, எது சந்தேகம் என்று பிரித்தே சொல்கிறேன். மில் ஸ்டாண்டர்டு 810 என்று அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் சோதனை முறைத் தொகுப்பு ஒன்று உண்மையிலேயே இருக்கிறது. 2008இல் வந்தது ஜி பதிப்பு, 2019இல் வந்தது எச் பதிப்பு. அதில் அதிர்ச்சி பற்றிய 516ஆம் பகுதியில் கீழே போட்டுப் பார்க்கும் சோதனை வருகிறது. கைச்சாமான்களை 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 தடவை போடுவார்கள். ஆறு முகம், பன்னிரண்டு ஓரம், எட்டு மூலை, ஒவ்வொன்றுக்கும் ஒரு தடவை. இது வரை உறுதி. இனி, சந்தேகப்பட வேண்டிய இடம். அந்த 26 விழுதலையும் ஒரே பொருள் தாங்க வேண்டியதில்லை, ஐந்து வரை பங்கிட்டுக்கொள்ள விதி இடம் கொடுக்கிறது. விழும் தரை, கான்கிரீட் மேல் போட்ட இரண்டு அங்குல ப்ளைவுட். நம் வீட்டில் இருப்பது டைல்ஸ், கிரானைட், மொசைக், பஸ் ஸ்டாண்டில் வெறும் சிமென்ட். ப்ளைவுட் கொடுக்கும் அந்தக் கொஞ்ச இளக்கம் இங்கே கிடையாது. முக்கியமாக, கவர்களைச் சோதித்துச் சான்று தரும் வேலையை எந்த ராணுவ அலுவலகமும் செய்வதில்லை. கம்பெனியே சோதிக்கும், அல்லது ஒரு தனியார் ஆய்வகத்தில் கொடுத்துச் சோதிக்கும், பிறகு அட்டையில் அச்சடிக்கும். எந்த உயரம், எத்தனை தடவை, எந்தப் பகுதிப்படி என்று விவரம் கொடுத்திருந்தால் ஓரளவு மதிக்கலாம். வெறுமனே கேடயப் படம் போட்டு 'மிலிட்டரி கிரேடு' என்றிருந்தால் அதற்கு ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள். கட்டைவிரலும் ஏ.டி.எம். கார்டும் அதைவிட நம்பகமான சாட்சி.

விலைக்கு வருவோம். கவருக்கு எவ்வளவு போடலாம் என்பது, உடைந்தால் எவ்வளவு செலவாகும் என்பதைப் பொறுத்தது. இங்கே உங்கள் மாடலுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. சாதாரண ஐபேட் வரிசையில் மேலே இருக்கும் டச் கிளாஸும் உள்ளே படம் காட்டும் டிஸ்ப்ளேயும் தனித்தனி. உங்கள் 10ஆம் தலைமுறையும் அப்படித்தான். கண்ணாடி மட்டும் உடைந்து உள்ளே படம் சரியாக இருந்தால் வெளிக் கடைகளில் கண்ணாடியை மட்டும் மாற்றிவிடலாம். ஐபேட் ஏரில் 2014இல் வந்த ஏர் 2 தொடங்கி, ப்ரோவில் எல்லா மாடலிலும், கண்ணாடியும் டிஸ்ப்ளேயும் ஒன்றாக ஒட்டப்பட்டிருக்கும். அதில் ஒரு சின்ன விரிசல் என்றாலும் மொத்த டிஸ்ப்ளேயையும் மாற்ற வேண்டியிருக்கும், செலவு பல மடங்கு. ஆகவே ஏர், ப்ரோ வைத்திருப்பவர் கவருக்கு நாலாயிரம் போட்டாலும் கணக்கு சரிதான். உங்களுக்கு 1,000 ரூபாயிலிருந்து 2,000 ரூபாய்க்குள் நல்ல டி.பி.யூ. சட்டமுள்ள ஃபோலியோ போதும் என்பது என் கருத்து. 500 ரூபாய்க்குக் கிடைப்பதிலும் சில நன்றாகவே இருக்கின்றன, கையில் எடுத்துச் சோதிக்க முடிந்தால் அதையும் வாங்கலாம். படத்தைப் பார்த்து மட்டும் வாங்குவதாக இருந்தால் அந்த விலையில் வேண்டாம். படத்தில் மூலையின் மென்மை தெரியாது, அதை என்னாலும் சொல்ல முடியாது.

பிராண்ட் பெயர் சொல்லச் சொல்வீர்கள். சொல்லத் தயங்குவதற்குக் காரணம், ஒரே கம்பெனி மெலிசான ஃபோலியோவும் விற்கிறது, தடித்த சட்டம் வைத்ததும் விற்கிறது. ஸ்பைஜென் என்று நான் சொல்ல, நீங்கள் அதில் மெலிசான வகையை வாங்கிவிட்டால் என் பேச்சு வீண். பிராண்டைவிட வகை முக்கியம்.

மாடல் விஷயத்தில் கொஞ்சம் உஷாராக இருங்கள், இங்கேதான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள். அட்டையில் '10.9 இன்ச்' என்று மட்டும் போட்டிருக்கும். உங்கள் ஐபேடும் 10.9, ஏர் 4, ஏர் 5 இரண்டும் 10.9தான். ஆனால் உங்களுடையது 248.6 × 179.5 மி.மீ., தடிமன் 7 மி.மீ. ஏர் 247.6 × 178.5, தடிமன் 6.1. நீளத்திலும் அகலத்திலும் ஒரு மி.மீ.தான் வித்தியாசம். ஆனால் ஏருக்கான கவரில் உங்கள் ஐபேடை அழுத்தித் திணித்தால் மூலை எப்போதும் இழுபட்டே இருக்கும், பட்டன்களும் கேமராத் துளையும் விலகி நிற்கும். செட்டிங்ஸில் ஜெனரல், அதற்குள் அபௌட் போய், மாடல் எண் மேல் ஒரு தடவை தொடுங்கள். ஏ என்று தொடங்கும் எண் வரும். 10ஆம் தலைமுறை வைஃபைக்கு ஏ2696. கடைக்காரரிடம் அந்த எண்ணைக் காட்டிக் கேளுங்கள். 2025இல் வந்த, ஏ16 சிப் உள்ள ஐபேடுக்கும் உங்களுடையதற்கும் உடம்பு ஒன்றுதான், அதன் கவர் தாராளமாகப் பொருந்தும்.

சரி, பஸ். நெரிசலில் பை அமுங்குவது கீழே விழுவதற்கு அடுத்த பெரிய ஆபத்து, யாரும் அதை யோசிப்பதில்லை. பையின் வெளிப்பக்கம் ஐபேட், அதற்கு உள்பக்கம் எவர்சில்வர் டிபன் பாக்ஸ். பக்கத்தில் நிற்பவர் சாய்ந்தால் டிபன் பாக்ஸின் விளிம்பு நேராகத் திரையில் அழுந்தும். ஃபோலியோவின் மூடி உள்ளே மூன்று பலகைகளாக இருக்கும், நடுவே மடிப்புக் கோடுகள். பலகை உள்ள இடம் ஓரளவு தாங்கும், மடிப்புக் கோட்டில் வெறும் துணிதான். மலிவுக் கவரில் பலகை என்பது காகித அட்டை, ஒரு தடவை நனைந்தால் ஊதிவிடும். பின்பக்கம் கெட்டியாக இருப்பது நல்லது என்று மேலே சொன்னேனே, அது இதற்காகத்தான். 7 மி.மீ. தடிமனே உள்ள ஐபேடின் அலுமினிய உடம்பு நெரிசலில் வளையும், கெட்டியான பின்பலகை அதைத் தடுக்கும். வளைந்த ஐபேடில் புதுக் கண்ணாடி போட்டாலும் நிலைக்காது, எங்கள் வேலையிலேயே பெரிய தொல்லை அதுதான். மகளிடம் சொல்லுங்கள்: ஐபேட் முதுகுப்பக்க அறையில், திரை நோட்டுப் புத்தகத்தைப் பார்த்தபடி, டிபனும் தண்ணீர் பாட்டிலும் வேறு அறையில். மூடிக்கும் திரைக்கும் நடுவே பேனா, இயர்போன், காலேஜ் ஐ.டி. கார்டு எதையும் வைத்து மூடக் கூடாது. சில கவர்களில் மூடியின் உள்பக்கம் கார்டு வைக்கப் பை தைத்திருப்பார்கள், அது வசதியாகத் தெரியும். பை அமுங்கும்போது அந்தக் கார்டின் விளிம்பு கண்ணாடியில்தான் குத்தும். அந்த வகையைத் தவிர்த்துவிடுங்கள்.

தோல் கவர் என்று கடையில் காட்டுவது பெரும்பாலும் ரெக்சின்தான், துணி மேல் பூசிய பி.யூ. (பாலியூரிதேன் என்ற பிளாஸ்டிக்) பூச்சு. இந்தப் பூச்சில் பல வகை சூடும் ஈரப்பதமும் சேர்ந்த இடத்தில் தானாகச் சிதையும். காற்றில் இருக்கும் நீர் அந்த இரசாயனப் பிணைப்பைக் கொஞ்சம் கொஞ்சமாக அறுக்கும். முதலில் முதுகு மடிப்பில் வெடிக்கும், அப்புறம் செதில் செதிலாக உரிந்து கையில் ஒட்டும். சென்னை, நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோர ஊர்களில் இது சீக்கிரம் நடக்கும், உங்கள் டெல்டாப் பக்கமும் ஈரம் குறைவில்லை. நிஜத் தோல் இப்படி உரியாது, ஆனால் மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும், விழும்போது ரெக்சினைவிட ஒரு துளிகூட அதிகமாகக் காப்பாற்றாது. துணி முகப்பு உள்ளது அழுக்கு காட்டும், ஆனாலும் நாலு வருடம் உழைக்க அதையே சொல்வேன். கண்ணாடி போலத் தெரியும் டி.பி.யூ. முதுகு வெயிலிலும் சூட்டிலும் மஞ்சளாகும். மஞ்சளானதால் பாதுகாப்பு குறைந்துவிட்டது என்று பயப்பட வேண்டாம், அழகுதான் போகும்.

ஸ்டாண்ட் வகை அவள் எப்படிப் படிக்கிறாள் என்பதைப் பொறுத்தது. மூன்றாக மடியும் மூடி மேசையில் உறுதியாக நிற்கும், மடியிலும் மெத்தையிலும் சரிந்துவிடும், ஐபேடை நெட்டுக்குத்தாக நிறுத்தாது. பாடப்புத்தக பி.டி.எஃப்.பை நெட்டுக்குத்தாக வைத்துப் படிப்பவர்களுக்குச் சுழலும் ஃபோலியோ பிடிக்கும். அதில் எடை கூடும், முதுகில் இருக்கும் வளையம் நாளடைவில் தளரும், ஐபேடை நான்கு மூலைக் கொக்கிகள் மட்டும் பிடித்திருக்கும் வகை நிறைய இருப்பதால் ஓரம் திறந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் மகள் உபயோகத்துக்கு மூன்று மடிப்பே போதும் என்று நினைக்கிறேன். திரையில் எழுதும் ஆப்பிள் பென்சில் வாங்கும் எண்ணம் இருந்தால் இப்போதே யோசியுங்கள். யூ.எஸ்.பி. சி பென்சில் உங்கள் ஐபேடின் பக்கவாட்டில் காந்தத்தால் ஒட்டும், ஆனால் அப்படி ஒட்டி வைத்தால் சார்ஜ் ஏறாது. முதல் தலைமுறை பென்சில் ஒட்டவே ஒட்டாது. எப்படிப் பார்த்தாலும் பென்சிலுக்குத் தனிக் குழி உள்ள கவர் நல்லது.

காந்தம் பற்றி ஒரு எச்சரிக்கை, வீட்டில் பேஸ்மேக்கர் வைத்தவர்கள் இருந்தால் மட்டும். ஐபேடிலும் ஃபோலியோ மூடியிலும் காந்தங்கள் இருக்கின்றன. பாட்டியோ தாத்தாவோ அதை நெஞ்சின் மேல் சாய்த்து வைத்துப் படம் பார்க்கக் கூடாது, 15 செ.மீ.க்கு மேல் தள்ளி வைத்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் அவர்களுடைய டாக்டரையே கேளுங்கள்.

ஐபேட் உடையாது என்று எந்தக் கவரும் உத்தரவாதம் தராது. எந்த உயரம், எந்தக் கோணம், எந்தத் தரை என்பதில் பாதி அதிர்ஷ்டம். நல்ல கவர் போட்டு மேசை உயரத்திலிருந்து விழுந்து உடைந்ததும் உண்டு, கவரே இல்லாமல் மாடிப்படியில் உருண்டு தப்பியதும் உண்டு. மூலையைக் காக்கும் கவர் வாய்ப்பை உங்கள் பக்கம் நிறையவே திருப்புகிறது, அவ்வளவுதான் சொல்ல முடியும். தண்ணீருக்கு எதிராக எந்த ஃபோலியோவும் கவசம் கிடையாது, உங்கள் ஐபேடுக்கும் நீர்த் தடுப்புத் தரம் கிடையாது. ஐப்பசி மழையில் ஒரு பிளாஸ்டிக் ஜிப் கவர் பையில் இருக்கட்டும்.

வாங்கிய பிறகு ஒரு பழக்கம் மட்டும் வேண்டும். ஆப்பிள் சொல்லும் பயன்பாட்டு வெப்பநிலை 35 டிகிரி வரைதான், நம் சித்திரை வெயில் அதைச் சாதாரணமாகத் தாண்டும். மூடியை மூடி மெத்தை மேல் வைத்து இரவெல்லாம் சார்ஜ் போடாமல், திறந்து மேசையில் வைத்துப் போடச் சொல்லுங்கள். மாதம் ஒரு தடவை கவரைக் கழற்றி உள்ளே சேர்ந்த மணலையும் தூசியையும் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் அதுவே அலுமினியத்தைத் தேய்க்கும். துடைக்கும்போது ஐபேடைச் சமமான மேசையில் வைத்து முன்பைவிட அதிகமாக ஆடுகிறதா என்று பாருங்கள். அப்படி ஆடினாலோ, கவர் முன்பைவிட இறுக்கமாக இருந்தாலோ, திரை ஓரத்தில் நகம் நுழையும் இடைவெளி தெரிந்தாலோ பேட்டரி உப்பத் தொடங்கியிருக்கலாம். அப்போது அழுத்தி மூடப் பார்க்காமல், சார்ஜ் போடுவதை நிறுத்தி, அன்றைக்கே சர்வீஸுக்குக் கொடுத்துவிடுங்கள்.